பதினோரு கொடிகளும் ஒரு வழக்கும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வெஸ்ட்வுட் பகுதியில் பாலி பெவிலியன் என்றொரு உள்ளரங்கம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யுசிஎல்ஏவின் கூடைப்பந்து அணிக்கு அதுதான் சொந்த ஆடுகளம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், ஆண்கள் அணி வென்ற 11 தேசியப் பட்டங்களுக்கும் கொடிகள் தொங்கும். அமெரிக்காவில் வேறெந்தக் கல்லூரியின் ஆண்கள் அணியும் இத்தனை பட்டம் வாங்கியதில்லை. அந்தப் பதினொன்றில் பத்து, 1964க்கும் 1975க்கும் இடைப்பட்ட பன்னிரண்டே வருடங்களில் வந்தவை. அதிலும் ஏழு பட்டங்கள் 1967 முதல் 1973 வரை வரிசையாக!

இது எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒரே பெயர்தான். ஜான் வுடன். அந்தப் பத்துப் பட்டங்களையும் வாங்கித் தந்த கோச். அவருடைய 'வெற்றியின் பிரமிட்' என்ற படத்தை மேனேஜ்மெண்ட் வகுப்புகளிலும், தன்னம்பிக்கைப் புத்தகங்களிலும், நிறுவனங்களின் பயிற்சி அறைகளிலும் பலர் பார்த்திருப்பார்கள். உழைப்பு, விசுவாசம், ஒத்துழைப்பு, தன்னடக்கம் என்று பதினைந்து கட்டங்கள் கொண்ட படம்.

அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி கொடிகளில் இல்லை, ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த வழக்கைப் போட்டவர் வெளியாள் இல்லை. பதினோராவது கொடியை வாங்கித் தந்த அதே யுசிஎல்ஏ வீரர்! யுசிஎல்ஏவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வழக்கை ஒரு கொடிக்குச் சமமாக, ஏன், அதற்கும் மேலாக வைத்து எழுத வேண்டும். அதற்கான காரணங்களை முதலிலிருந்தே பார்க்கலாம்.

கல்லூரி ஆட்டமா, கோடிகளின் ஆட்டமா?

கல்லூரி விளையாட்டு என்றதும் ஆண்டு விழாவுக்கு முன்னால் நடக்கும் போட்டிகள் நினைவுக்கு வந்தால், அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து ஒரு பெரிய தொழில். என்சிஏஏ என்ற அமைப்பு ஒவ்வொரு மார்ச் மாதமும் நாக் அவுட் முறையில் தேசியப் போட்டி நடத்துகிறது. ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்காக ஒரு டிவி நிறுவனம் 1991 முதல் ஏழு ஆண்டுகளுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 100 கோடி டாலர். 2010ல் போட்ட 14 ஆண்டு ஒப்பந்தம் 1,080 கோடி டாலர்!

ஆடுகிறவர்களுக்கு இதில் என்ன பங்கு? பல பத்தாண்டுகளாக விதி ஒன்றுதான். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கான ஸ்காலர்ஷிப். அதற்கு மேல் வாங்கினால் தடை. காரணம், அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லையாம், 'மாணவ விளையாட்டு வீரர்களாம்'. இந்தச் சொல்லை 1950களில் உருவாக்கியதே, காயம்பட்ட வீரர்கள் தொழிலாளர்களைப் போல நஷ்டஈடு கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். எழுதியவர் எதிரி அல்ல. என்சிஏஏவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிர்வகித்த வால்டர் பையர்ஸ்! ஓய்வு பெற்ற பிறகு, 1995ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் தன் அமைப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு யுசிஎல்ஏவின் கதையைப் பார்த்தால், பழைய கதை வேறு மாதிரி தெரியும்.

பதினாறு வருடக் காத்திருப்பு

ஜான் வுடன் இந்தியானா மாநிலத்துக்காரர். 1910ல் பிறந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் பெயர் பெற்ற ஆட்டக்காரர், பிறகு பள்ளிக்கூட ஆங்கில ஆசிரியர், அதன் பிறகு இந்தியானா ஸ்டேட் கல்லூரி கோச். 1947ல் அந்தச் சிறிய அணிக்கு ஒரு தேசியப் போட்டியில் ஆட அழைப்பு வந்தது. ஒரு நிபந்தனை... அணியிலிருந்த கறுப்பின மாணவர் கிளாரன்ஸ் வாக்கர் ஆடக் கூடாது. வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு வருடம் அந்தத் தடை நீங்கியது. வாக்கர் ஆடினார், அந்தப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். வுடனைப் பற்றி எத்தனை விமர்சனம் வைத்தாலும் இதை மறக்கக் கூடாது. இது நடந்தபோது அவர் பிரபலமானவர் கிடையாது, இழப்பதற்கு நிறைய இருந்த இளம் கோச்.

1948ல் யுசிஎல்ஏவுக்கு வந்தார். அப்போது பாலி பெவிலியன் எல்லாம் கிடையாது. இரண்டாயிரம் சொச்சம் பேர் உட்காரக்கூடிய பழைய ஜிம்தான். வியர்வை நாற்றத்துக்குப் பெயர் போன இடம். ஒரு பக்கம் மல்யுத்தம், ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் கூடைப்பந்துப் பயிற்சி. தரையைத் துடைத்தவர்களில் கோச்சும் ஒருவர். முந்தைய சீசனில் 12 வெற்றி, 13 தோல்வி என்று இருந்த அணி, அவருடைய முதல் சீசனில் 22 வெற்றி, 7 தோல்வி என்று மாறியது.

ஆனால் தேசியப் பட்டம்? அது வர பதினாறாவது சீசன் ஆனது! இன்று எந்தப் பெரிய கல்லூரி ஒரு கோச்சுக்குப் பதினாறு வருடம் கொடுக்கும்? மூன்று வருடம் கப் இல்லை என்றாலே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். பொறுமைதான் வெற்றிக்குக் காரணம் என்று பிரமிட் பாடம் நடத்துகிறவர்கள், அந்தப் பொறுமை கோச்சிடம் மட்டுமல்ல, அவரை வேலைக்கு வைத்திருந்த நிர்வாகத்திடமும் இருந்தது என்பதைச் சொல்வதே இல்லை.

1964: குள்ளர்களின் படை

முதல் பட்டம் வந்த அணியைப் பாருங்கள். தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. கூடைப்பந்தில் அது குட்டை அணி. ஆனாலும் 30 ஆட்டம், 30 வெற்றி. வழி என்ன? எதிரணி பந்தை எடுத்து வரும்போதே ஆடுகளம் முழுக்க மறித்து, மூச்சு விட விடாமல் நெருக்குவது. ஸோன் பிரஸ் என்பார்கள். இரண்டு நிமிடம் எதிரணி தடுமாறினால் போதும், பத்துப் புள்ளி முன்னால் போய்விடுவார்கள். இந்த உத்தியைக் கையில் எடுக்கச் சொல்லி வுடனை வற்புறுத்தியவர் உதவி கோச் ஜெர்ரி நார்மன். எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகத்தை 98-83 என்று வென்றார்கள். அதில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 26 புள்ளி எடுத்தவர் கென்னி வாஷிங்டன் என்ற கறுப்பின மாணவர். தென் கரோலினாக்காரர். அவருடைய சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணியில் அன்றைக்கு அவருக்கு இடம் கிடையாது. எதிரே நின்ற டியூக் அணியிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை.

யுசிஎல்ஏவின் வெற்றிக்கு முக்கியமான காரணம் ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. தென் மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில், இங்கே கதவு திறந்திருந்தது. அதுவும் வுடன் வருவதற்கு முன்பிருந்தே! பேஸ்பால் வரலாற்றை மாற்றிய ஜாக்கி ராபின்சன் 1940ஐ ஒட்டிய வருடங்களில் யுசிஎல்ஏவுக்காகக் கூடைப்பந்தும் ஆடியவர். இங்கே ஆடிய டான் பார்க்ஸ்டேல் 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணியில் இருந்த முதல் கறுப்பின வீரர். நோபல் சமாதானப் பரிசு பெற்ற ரால்ப் பன்ச் 1920களில் இங்கே படித்து, கூடைப்பந்தும் ஆடியவர்.

இதெல்லாம் பெருமைப் பட்டியல் மட்டும்தானா? இல்லை. 1965ல் நியூயார்க்கில் லூ அல்சிண்டர் என்ற ஏழடிக்கும் மேல் உயர்ந்த பையன் பள்ளிப் படிப்பை முடித்தான். நாட்டில் உள்ள அத்தனை கல்லூரிகளும் அவனுக்காக வலை வீசின. அவனுக்கு ரால்ப் பன்ச் கடிதம் எழுதினார், ஜாக்கி ராபின்சன் கடிதம் எழுதினார். யுசிஎல்ஏவுக்குப் போ என்று. அவன் போனான். ஒரு பல்கலைக்கழகம் முப்பது வருடத்துக்கு முன் நடந்துகொண்ட விதத்துக்கு வட்டியோடு கிடைத்த பலன் அது.

அல்சிண்டர் யார் என்று தெரியாதவர்களுக்கு... 1971ல் அவர் மாற்றிக்கொண்ட பெயர் கரீம் அப்துல் ஜப்பார்.

ஒரு மாணவனுக்காக மாறிய விதி

அப்போது முதலாம் ஆண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது, தனி அணிதான். 1965 நவம்பரில் புதிதாகத் திறந்த பாலி பெவிலியனில் முதலாம் ஆண்டு அணியும் பிரதான அணியும் மோதின. பிரதான அணி நடப்பு தேசிய சாம்பியன். முதலாம் ஆண்டு அணி 75-60 என்று ஜெயித்தது! அல்சிண்டர் 31 புள்ளி. தேசிய சாம்பியன்கள் தங்கள் கல்லூரியிலேயே இரண்டாவது இடம் என்று கிண்டல் கிளம்பியது.

அடுத்த மூன்று வருடம் அவருடைய அணி ஆடிய 90 ஆட்டங்களில் 88 வெற்றி, மூன்று பட்டம். 1967ல் முதல் பட்டம் வாங்கியதும் என்ன நடந்தது தெரியுமா? கல்லூரி ஆட்டத்தில் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் அறைந்து போடும் டங்க் தடை செய்யப்பட்டது. 1976 வரை தடை நீடித்தது. அவரைக் கட்டிப்போடத்தான் என்று அன்றே எல்லோரும் பேசினார்கள். அவரோ வேறு ஷாட்டில் கை தேர்ந்தார். அந்த 'ஸ்கை ஹுக்' ஷாட்டை அடுத்த இருபது வருடம் யாராலும் தடுக்க முடியவில்லை.

1968 ஜனவரி 20 அன்று ஹியூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் யுசிஎல்ஏவும் ஹியூஸ்டன் பல்கலைக்கழகமும் மோதின. 52,693 பேர் நேரில் பார்த்தார்கள். சாதாரண சீசன் ஆட்டம் ஒன்று இரவு முக்கிய நேரத்தில் நாடு முழுக்க டிவியில் போனது அதுவே முதல் முறை. கண்ணில் அடிபட்டுத் தேறி வந்த அல்சிண்டரின் அணி 69-71 என்று தோற்றது. 47 ஆட்டத் தொடர் வெற்றி முடிந்தது. (இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே ஹியூஸ்டனை 101-69 என்று துவைத்து எடுத்தார்கள், அது வேறு கதை.) ஆனால் அந்த ஒரு இரவு டிவி நிறுவனங்களுக்கு ஒரு பாடம் சொன்னது. கல்லூரிக் கூடைப்பந்தில் பணம் இருக்கிறது!

பின்னாளில் வந்த கோடிகளுக்கு அன்றே விதை விழுந்தது. விதை போட்டவர்கள் ஆடுகளத்தில் இருந்த அந்த மாணவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது ஸ்காலர்ஷிப். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று அப்துல் ஜப்பார் பல வருடம் கழித்து வெளிப்படையாக எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

88 வெற்றிகள்

அடுத்து வந்தது பில் வால்டனின் காலம். சிவந்த தலைமுடி, வலிக்கும் முழங்கால், வியட்நாம் போருக்கு எதிரான கோஷம். 1972ல் போராட்டத்தில் கைதும் ஆனார். முடியை வெட்டு என்பார் வுடன், உரிமை இல்லை என்பார் வால்டன். உனக்கு முடி வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு உண்டு என்பது கோச்சின் வாதம். முடி வெட்டப்பட்டது. இருவரும் கடைசி வரை நண்பர்களாக இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 வெற்றி. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இன்னும் உடையாத சாதனை. 1973 இறுதிப் போட்டியில் வால்டன் 22 முறை கூடையை நோக்கி எறிந்து 21 முறை போட்டார். மொத்தம் 44 புள்ளி. முதன்முதலாகத் திங்கட்கிழமை இரவு முக்கிய நேரத்தில் ஒளிபரப்பான இறுதிப் போட்டியும் அதுதான். அதே 1973ல் என்சிஏஏ இன்னொரு காரியமும் செய்தது. அதுவரை நான்கு ஆண்டுக்கு உறுதியாகக் கிடைத்து வந்த ஸ்காலர்ஷிப்பை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதாக மாற்றியது. டிவி வெளிச்சம் கூடக்கூட வீரனின் காலடி மண் குறைந்துகொண்டே போனது.

1975ல் பத்தாவது பட்டத்தோடு வுடன் ஓய்வு பெற்றார். யுசிஎல்ஏவில் 620 வெற்றி, 147 தோல்வி. அவர் சம்பளம் வருடத்துக்கு 35,000 டாலரைத் தாண்டவே இல்லை என்பார்கள். பணத்துக்காக அவர் இதைச் செய்யவில்லை என்பதில் சந்தேகம் இல்லை.

பிரமிடில் இல்லாத கட்டங்கள்

வுடன் வீரர்களிடம் ஜெயிக்க வேண்டும் என்று பேசவே மாட்டாராம். ஒவ்வொரு சீசனின் முதல் நாளும் சாக்ஸை எப்படிச் சுருக்கமில்லாமல் போடுவது, ஷூ நாடாவை எப்படிக் கட்டுவது என்றுதான் பாடம். கொப்புளம் வந்தால் ஆட முடியாது அல்லவா? சின்ன விஷயத்தைச் சரியாகச் செய், பெரிய விஷயம் தானாக வரும். அருமையான பாடம்தான்.

ஆனால் அந்தப் பிரமிட் படத்தில் இல்லாத பெயர்கள் சில உண்டு. ஸோன் பிரஸ்ஸைக் கொண்டுவந்த ஜெர்ரி நார்மன். 1963ல் விளையாட்டுத் துறை இயக்குநராக வந்து, பண விவகாரம், ஆட்ட அட்டவணை, டிவி பேரம் என்று எல்லாத் தலைவலியையும் கோச்சின் தலையிலிருந்து இறக்கி வைத்த ஜே.டி. மார்கன். அவர் வந்த அடுத்த வருடம்தான் முதல் பட்டம்!

இன்னொரு பெயரும் உண்டு. சாம் கில்பர்ட். பணக்காரக் கட்டிட கான்ட்ராக்டர். யுசிஎல்ஏ வீரர்களுக்கு அவர் வீடு எப்போதும் திறந்திருக்கும். துணிமணி, கார், வாடகை என்று விதிக்குப் புறம்பான உதவிகள் அவரிடமிருந்து போயின என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 1980களின் தொடக்கத்தில் விரிவாக எழுதியது. 1981ல் என்சிஏஏ யுசிஎல்ஏவைத் தண்டித்தது. 1980ல் இறுதிப் போட்டி வரை போன கணக்கு ரத்தானது, கில்பர்ட்டோடு தொடர்பை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது வுடன் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் இதில் கை நனைத்தார் என்று யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் அவர் காலத்திலேயே கில்பர்ட் அங்கே இருந்தார். கேட்க வேண்டிய கேள்வியைக் கோச் கேட்டாரா என்பது இன்றும் நிற்கும் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. லட்சக்கணக்கானவர்கள் டிவியில் பார்க்கும் ஒரு மாணவன், வாடகைக்கும் துணிக்கும் ஒரு பணக்காரரின் கையை எதிர்பார்க்கும் நிலை ஏன் வந்தது? உழைப்புக்கு நேர் வழியில் கூலி கிடைக்காத இடத்தில் பின்வாசல் வழியாகப் பணம் வரும். அதைக் கில்பர்ட்டின் குணக்கேடு என்று சொல்லி முடித்துக்கொண்டால், அந்த வாசலைக் கட்டிய விதி தப்பித்துவிடும்.

பதினோராவது கொடி

வுடனுக்குப் பிறகு வந்த கோச்சுகளின் பாடு பரிதாபம். வருடத்துக்கு 25 ஆட்டம் ஜெயித்தாலும் "வுடன் மாதிரி வருமா?" என்ற பேச்சுதான். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். இருபது வருடம் ஓடியது. 1978ல் ஆன் மேயர்ஸ் ஆடிய பெண்கள் அணி தேசியப் பட்டம் வாங்கியது, அதை யார் பேசினார்கள்?

1995ல்தான் ஆண்கள் அணிக்கு விடிவு. கோச் ஜிம் ஹேரிக். அணியின் தூண் எட் ஓபேனன். இடது கைக்காரர், சட்டை எண் 31. கல்லூரிக்கு வந்த வருடமே முழங்கால் தசைநார் அறுந்து, இனி ஆடுவாரா என்று பேசப்பட்டவர். மிசௌரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் 4.8 வினாடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால்... டைஸ் எட்னி பந்தோடு ஆடுகளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப் போட்டு 75-74 என்று காப்பாற்றினார். இறுதிப் போட்டியில் எட்னிக்கு மணிக்கட்டில் காயம், சில நிமிடத்துக்கு மேல் ஆட முடியவில்லை. ஓபேனன் தோளில் தூக்கிச் சுமந்தார். 30 புள்ளி, 17 ரீபவுண்ட். ஆர்கன்சாவை 89-78 என்று வென்று பதினோராவது கொடி!

அடுத்த வருடம் 31ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கௌரவித்தது யுசிஎல்ஏ. ஓபேனன் என்பிஏவில் இரண்டு சீசன் ஆடினார், பிறகு வெளிநாடுகளில் ஆடினார். அதன் பின் லாஸ் வேகாஸ் பக்கம் கார் விற்பனை வேலைக்குப் போனார். கதை இங்கே முடிந்திருந்தால் இது வழக்கமான விளையாட்டுக் கதை.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு 31

ஒரு நாள் நண்பர் வீட்டுக்குப் போனார் ஓபேனன். அங்கே நண்பரின் மகன் ஒரு வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். அதில் 1995ன் யுசிஎல்ஏ அணி. மொட்டைத் தலை, இடது கை, எண் 31. பெயர் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அவரே! முதலில் பெருமையாக இருந்ததாம். அப்புறம்தான் உறைத்தது. தன் உருவத்தை யாரோ விற்கிறார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு காசு தரவில்லை.

2009 ஜூலையில் என்சிஏஏ மீது வழக்குப் போட்டார். அவர் கல்லூரியை விட்டுப் பதினாலு வருடம் ஆகியிருந்தது. ஜெயித்தாலும் அவருக்குப் பெரிய தொகை எதுவும் வரப்போவதில்லை. பின்னால் வருகிறவர்களுக்கான வழக்கு. பழைய ஜாம்பவான்கள் பில் ரஸ்ஸலும் ஆஸ்கர் ராபர்ட்சனும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். 2014 ஆகஸ்டில் நீதிபதி கிளாடியா வில்கென் தீர்ப்புச் சொன்னார். வீரர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் காசு தரக் கூடாது என்ற விதி, போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் சட்டத்துக்கு விரோதம். 2015ல் மேல் நீதிமன்றம் தீர்ப்பின் ஒரு பகுதியை வெட்டினாலும், என்சிஏஏ சட்டத்துக்கு மேலானதல்ல என்பதை உறுதி செய்தது.

அதன் பிறகு அணை உடைந்தது. 2019ல் கலிபோர்னியா தன் மாநிலக் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. 2021 ஜூனில் இன்னொரு வீரர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2021 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் அதே நீதிபதி வில்கென் அங்கீகரித்த உடன்பாட்டின்படி கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 2013க்குப் பிறகு நின்றுபோயிருந்த கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் 2024ல் திரும்ப வந்தபோது, அதில் இடம்பெற ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் கிடைத்தன. தொகை சின்னதுதான். ஆனால் முதல் முறையாக "உன் உருவத்தைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டுவிட்டுச் செய்தார்கள்!

"ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்களே!"

பழைய ரசிகர்கள் புலம்புவது உண்டு. ஸ்காலர்ஷிப் போதாதா? பணம் வந்ததும் விசுவாசம் போய்விட்டதே? பையன்கள் வருடத்துக்கு ஒரு கல்லூரி என்று தாவுகிறார்களே?

ஸ்காலர்ஷிப் பெரிய விஷயம்தான், மறுக்க வேண்டாம். ஆனால் படிப்புக்குக் கிடைக்கும் உதவி, உருவத்தை விற்பதற்கான அனுமதி ஆகிவிடாது. இசைக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிய மாணவி ஊரில் கச்சேரி செய்து சம்பாதித்தால் யாரும் தடுத்ததில்லை. பந்து எறிகிற மாணவனுக்கு மட்டும் ஏன் தடை?

விசுவாசம்? 1980ல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோன கோச் லாரி பிரவுன், இரண்டே சீசனில் யுசிஎல்ஏவை விட்டு என்பிஏ அணிக்குப் போனார். அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை, முன்னேற்றம் என்றார்கள். 2024ல் யுசிஎல்ஏ தன் பழைய மேற்குக் கரை லீகை விட்டு பிக் டென் லீகில் சேர்ந்தது. டிவி பணம் அங்கே அதிகம். இப்போது லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் லீக் ஆட்டத்துக்கு நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூ ஜெர்சி வரை விமானம் ஏற வேண்டும். அந்த முடிவை எடுத்தது மாணவர்களா? தலை தாவினால் திறமை, கால் தாவினால் துரோகமா?

உண்மையான சிக்கல்களும் உண்டு. புதிய பணத்தில் பெரும் பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. பெண்கள் அணிகளும் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சின்ன விளையாட்டுகளும் பயத்தில் இருக்கின்றன. அந்தப் பயம் நியாயம். அதற்கான விதிகளை உட்கார்ந்து பேசி எழுத வேண்டும், வீரர்களும் அந்த மேஜையில் உட்கார வேண்டும். ஆனால் பங்கு சரியில்லை என்பதற்காக, பங்கே இல்லாத காலம் நல்ல காலம் ஆகிவிடாது.

எந்தக் கட்டம்?

வுடன் 2010 ஜூனில், நூறு வயதைத் தொடச் சில மாதங்கள் இருக்கும்போது காலமானார். பாலி பெவிலியனின் ஆடுகளத்துக்கு அவர் பெயரும் மனைவி நெல் பெயரும் வைத்திருக்கிறார்கள். வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை. எல்லாம் தகுதியானவைதான். கிளாரன்ஸ் வாக்கருக்காக ஒரு போட்டியையே வேண்டாம் என்று சொன்ன மனிதருக்குச் சிலை வைப்பதில் தப்பில்லை.

ஆனால் அந்த 1947ன் வுடனுக்கு உண்மையான வாரிசு யார்? அடுத்தடுத்து வந்த கோச்சுகளா? விதி தவறு என்றால் விதியோடு மோத வேண்டும், அதனால் தனக்கு லாபம் இல்லாவிட்டாலும் மோத வேண்டும் என்பதுதானே அன்றைக்கு அவர் செய்தது? அதை 2009ல் மறுபடி செய்தவர் ஒரு கார் விற்பனையாளர். அரங்கில் தொங்கும் கொடிகளில் ஒன்றைத் தன் கையால் வாங்கித் தந்தவர்.

அடுத்த முறை யாராவது புரொஜெக்டரில் அந்தப் பிரமிட் படத்தைப் போட்டு வெற்றியின் ரகசியம் என்று வகுப்பெடுத்தால், கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"சார், இதில் எட் ஓபேனனுக்கு எந்தக் கட்டம்?"